கமலவேணி கூப்பிட்ட கூட்டம்

நல்லேரியில் யாராவது இறந்துபோனால் முதல் போன் எங்கள் அண்ணிக்கு வரும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்புறம்தான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் ஏறி, நல்லேரி ஸ்டாப்பில் இறங்கி, "கமலவேணி வூடு எது?" என்று யாரைக் கேட்டாலும் முழிப்பார்கள். "மைக் கமலவேணி" என்றால்தான் வழி சொல்வார்கள்.

நான் அவளுக்கு நாத்தனார், புவனேஸ்வரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். நாத்தனார் வாயால் அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வராது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கெட்ட வார்த்தையும் வரும்.

என் அண்ணன் அறிவுச்செல்வன் ஆட்டோ ஓட்டுவான். மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். அண்ணி பின்சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜவுளிக்கடை தள்ளுபடி, கோயில் திருவிழா, கரண்ட் கட், காணாமல் போன மாடு, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். இப்போதெல்லாம் மற்ற மைக் வண்டிக்காரர்கள் செல்போனில் பதிந்து போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அண்ணி அப்படிச் செய்யமாட்டாள். ஒவ்வொரு தெருவிலும் புதிதாகச் சொல்வாள். மாடு காணாமல் போன அறிவிப்பை அவள் சொல்லிக் கேட்டால், மாட்டைப் பார்த்திராதவனுக்கும் தேடப் போகலாம் என்று தோன்றும்.

இந்தத் தொழிலுக்கு முந்தின கதை ஒன்று உண்டு. எங்கப்பா ஆண்டவர் இதே ஊரில் தமுக்கு அடித்தவர். ஊரின் பெரிய மனிதர்கள் எங்கேயோ உட்கார்ந்து எதையோ முடிவு செய்வார்கள். அப்பாவைக் கூப்பிட்டனுப்பி வாசலிலேயே நிற்க வைத்து, "இதப் போயி அடிச்சுட்டு வாடா" என்பார்கள். அண்ணன் தலையெடுத்ததும் முதல் வேலையாகத் தமுக்கைக் கொண்டுபோய்ப் பரணில்கூடப் போடவில்லை, அடுப்பில் போட்டான். பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி மைக் கட்டினான். அதற்கப்புறம்தான் எங்களை "வாங்க, உக்காருங்க" என்றார்கள். அதனால் அந்த மைக் எங்களுக்குச் சோறு மட்டும் இல்லை.

இப்படி இருக்கையில் போன வருடம் பேரூராட்சி ஆபீசிலிருந்து அண்ணிக்கு ஒரு வேலை வந்தது. செயல் அலுவலர் ராசாங்கம் சார் ஒரு சீட்டைக் கொடுத்து, ஊர் முழுக்க வாசிக்கச் சொன்னார். மைக் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. அண்ணியும் வாசித்தாள்.

"நல்லேரி பேரூராட்சி எல்லைக்குட்பட்ட பகுதிகளில் ஒலிமாசு ஒழுங்குமுறை வரைவுத் துணைவிதிகளின் மீது ஆட்சேபனைகள் மற்றும் ஆலோசனைகள் ஏதுமிருப்பின் அவற்றைப் பொதுமக்கள் சனிக்கிழமை சமுதாயக்கூடத்தில் நடைபெறும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தெரிவிக்குமாறு இதன் மூலம் அறிவிக்கப்படுகிறது."

வண்டி என் கடையைத் தாண்டியதும் பக்கத்து ஓட்டல்காரர் அய்யம்பெருமாள் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார்.

"ஏம்மா புவனா, யாரு செத்தது? எப்ப எடுக்கிறாங்களாம்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே ஒரு எழவும் விளங்கவில்லை. அண்ணியின் குரல் போகிற வேகத்தில் சனிக்கிழமை என்பது மட்டும்தான் காதில் நின்றது.

வண்டி திரும்பி வந்ததும் அண்ணியே இறங்கி என் கடைக்குள் வந்தாள். முகம் சரியில்லை.

"புவனா, நான் பேசினா ஜனம் திரும்பிப் பாக்கும். இன்னிக்கு ஒருத்தரும் பாக்கல. எனக்கே கூச்சமா போச்சு. இது என்ன விதின்னு போயி படிச்சிட்டு வருவோம், வா."

தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அந்த வரைவை ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு. உள்ளே காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைத்திருந்தார்கள். முதல் பக்கம் மட்டும் தெரிந்தது. அதில் ஊர்ப்பெயரும் முன்னுரையும் இருந்தன. விதி எல்லாம் பின்னால்! அடேயப்பா, ஒளிவுமறைவே இல்லாமல் ஒளித்து வைப்பது எப்படி என்று இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பியூன் சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்தார். அண்ணி காகிதங்களைக் கழற்றி நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டித் தனியார் அறிவிப்பு செய்வது பேரூராட்சி எல்லைக்குள் முழுவதும் தடை செய்யப்படுகிறது என்று இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், அண்ணி வாயை மூட வேண்டும், அண்ணன் குழாயைக் கழற்ற வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நம்ம பொழப்புக்கு வெட்டுற குழிய நம்மளயே கூப்புட்டு ஊருக்குச் சொல்லச் சொல்றானுங்களா? எவ்ளோ கொழுப்பு இருக்கணும்!" என்று அங்கேயே கத்தினேன்.

சத்தம் கேட்டு ராசாங்கம் சார் வெளியே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை முடிந்தால் போதும் என்று நினைக்கிற ரகம்.

"இது பெரிய ஊர்ல போட்ட விதிம்மா. அதப் பாத்து அப்படியே எழுதிட்டோம். யாரும் ஒண்ணும் சொல்லலேன்னா கவுன்சில்ல வெச்சு நிறைவேத்திடுவாங்க" என்றார்.

"யாராவது சொன்னா?" என்று அண்ணி கேட்டாள்.

"சொன்னா எழுதிக்கணும். அதுக்குப் பதில் சொல்லணும். தேவைப்பட்டா மாத்தணும். ஆனா யாரும்மா வர்றாங்க? நானும் எத்தனையோ கூட்டம் போட்டுட்டேன். நானும் பியூனும்தான் உக்காந்திருப்போம்."

"நீங்க எழுதிக் குடுத்தத கேட்டா யாரு சார் வருவாங்க? எங்க பாஷையில சொல்லட்டுங்களா?"

அவர் ஒத்துக்கொண்டார். "சொல்லு. ஆனா உன் பக்கம் சாயாம சொல்லணும். அப்புறம் என் தலைதான் உருளும்."

வீட்டுக்கு வந்தால் அண்ணன் குதித்தான். "கூலிய வாங்குனியே, வாசிச்சுட்ட இல்ல? அதோட வுட்ரு. ஊரக் கூட்டி வம்ப வெலைக்கு வாங்காத."

"யாரும் வரலேன்னா நாளைக்கே நிறைவேத்திடுவாங்க. வந்தா நமக்காக நாலு பேரு பேசுவாங்க இல்லீங்களா?" என்றாள் அண்ணி.

நான் அண்ணி பக்கம். இந்த ஊரில் அவள் குரல் கேட்டு வளராத பிள்ளை உண்டா? கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தால் பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஊரே திரண்டு வந்து "எங்கள் கமலவேணியின் மைக்கில் கைவைக்காதே" என்று சொல்லப் போகிறது, ராசாங்கம் சார் முகத்தில் ஈயாடாமல் நிற்கப் போகிறார். இப்படியெல்லாம் மனக்கோட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டுக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்தேன்.

மறுநாள் வண்டி கிளம்பியது. அண்ணி ஒவ்வொரு தெரு முனையிலும் நிறுத்திச் சொன்னாள்.

"தாய்மார்களே, அண்ணன்மார்களே, தம்பிமார்களே! மைக் கமலவேணி பேசுறேன். நம்ம ஊருக்கு ஒரு புது விதி வரப் போவுது. ஆட்டோவுல மைக் கட்டி விளம்பரம் பண்றது இனிமே கூடாதுன்னு அதுல இருக்கு. இன்னும் முடிவு ஆவல. நீங்க சொல்றதக் கேட்டுட்டுத்தான் முடிவு எடுக்கணும், அதுதான் முறை. மைக் வேணும்ங்கிறவங்களும் வாங்க, வேணாம்ங்கிறவங்களும் வாங்க. வூட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டுத் திட்டுனா யாரு காதுலயும் வுழாது, சமுதாயக்கூடத்துக்கு வந்து திட்டுங்க. சனிக்கிழமை சாயங்காலம். டீ உண்டு!"

ஜனங்கள் சிரித்தார்கள். ராசாங்கம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸ் வாசலுக்கே ஓடிவந்து வண்டியை மறித்தார்.

"டீயா? யாரும்மா டீ சொன்னது?"

"கூட்டம்னா டீ இல்லாமயா சார்?" என்றாள் அண்ணி. அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு டீ பற்றிக் கவலையில்லை. "வேணாம்ங்கிறவங்களும் வாங்க" என்றாளே, அதுதான் உறுத்தியது. "அத எதுக்கு அண்ணி சொன்னீங்க? வேணாம்ங்கிறவன் வூட்லயே கெடக்கட்டுமே" என்று கேட்டேன். "சாயாம சொல்றேன்னு சார்கிட்ட ஒத்துக்கிட்டு வந்துட்டேனே" என்றாள். பிழைக்கத் தெரியாதவள் என்று இவளைச் சொல்லாமல் யாரைச் சொல்வது?

சனிக்கிழமை சமுதாயக்கூடம் நிரம்பி வழிந்தது. பேரூராட்சித் தலைவர், கவுன்சிலர்கள் எல்லோரும் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். ராசாங்கம் சார் கூட்டத்தைப் பார்த்ததும் பியூனை டீக்கு ஓடவிட்டார். கூட்டத்துக்கு மைக் வேண்டாமா? அதுவும் எங்கள் செட்தான். மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அண்ணி, அவளுக்குப் பக்கத்தில் நான்.

முதலில் அய்யம்பெருமாள் எழுந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் ஓட்டல் திறந்த நாளிலிருந்து அண்ணிதான் அவருக்கு விளம்பரம்.

"கமலவேணி குரலு தங்கமான குரலு. அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா..." என்றார்.

அந்த "ஆனா" வந்ததும் என் சந்தோஷம் போய்விட்டது. கடை முன்னால் வண்டி நின்றால் சாப்பிட வந்தவன் என்ன கேட்கிறான் என்பது காதில் விழவில்லையாம். தோசை கேட்டவனுக்குப் பூரி போகிறதாம். அடுத்து ஸ்கூல் டீச்சர். தங்கமான குரல், ஆனால் பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுத் தள்ளுபடிச் சேலையைப் பற்றிப் பேசுகிறார்களாம். அடுத்து கைக்குழந்தைக்காரி. தங்கமான குரல், ஆனால் குழந்தை வீறிட்டு அழுகிறதாம். சாவுச்செய்தி மைக்கில் வந்ததால்தான் கடைசி முகத்தையாவது பார்க்க முடிந்தது என்று ஓரிருவர் ஆதரவாகப் பேசினார்கள். மற்ற எல்லோருக்கும் தங்கமும் வேண்டும், சத்தமும் கூடாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் மைக்கிலேயே நின்று எங்களைத் திட்டுகிறார்கள்! அண்ணி எழுந்து எழுந்து போய் ஒவ்வொருவர் உயரத்துக்கும் மைக்கை ஏற்றி இறக்கிக் கொடுத்தாள். முகத்தில் கோபமே இல்லை.

கடைசியில் லாரித் தெருவிலிருந்து ஒருத்தி எழுந்தாள், காத்தாயி என்று பெயர். மைக் முன்னால் வந்து நின்றாள், அண்ணியைப் பார்த்தாள். வாயசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் அண்ணியின் காதில், "ஒயரப் புடுங்கி வுட்ருங்க அண்ணி. கரண்ட் போயிட்டுதுன்னு சொல்லிக்கலாம்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கையே ஒயர் பக்கம் போய்விட்டது.

அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள். சவுண்டைக் கொஞ்சம் கூட்டினாள். இறங்கிப் போய் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, காத்தாயியின் வாய்க்குப் பக்கத்தில் தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள்.

"பேரச் சொல்லு மொதல்ல. அப்புறம் மனசுல இருக்கறதச் சொல்லு. என்னப் பாக்காத, சாரப் பாத்துச் சொல்லு."

"எம் பேரு காத்தாயிங்க. எங்க வூட்டுக்காரரு நடராசன், சுண்ணாம்புக்கல்லு லாரி ஓட்டுறாரு. ராப்பூரா ஓட்டிட்டு விடிஞ்சப்புறம்தான் வந்து படுப்பாரு. அவரு அசந்து தூங்குற நேரத்துல வண்டி வரும். திடுக்குனு எழுந்து உக்காந்துக்குவாரு. அப்புறம் தூக்கமே புடிக்காது. எங்க தெருவுல எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான். போன மாசம் ஓட்டும்போதே கண்ணு சொக்கி, லாரி ரோட்ட வுட்டு எறங்கிடிச்சு. ஒரு பனமரத்துக்கிட்டப் போயி நின்னுச்சுங்க. அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு தூங்கணும். அவ்ளோதாங்க."

அண்ணி மைக்கைத் திரும்ப ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

"வேற யாராவது பேசறீங்களா?" என்று ராசாங்கம் சார் கேட்டார்.

"நான் பேசறேன் சார்" என்றாள் அண்ணி. எல்லோரையும் போல முதலில் பெயர் சொன்னாள். "எம் பேரு கமலவேணி. நான் இந்த விதிய எதிர்க்கிறேன். இதான் எங்க சோறு. எங்க மாமனாருக்கு இந்த ஊருல கெடைக்காத மரியாத இந்த மைக்காலதான் எங்களுக்குக் கெடைச்சுச்சு. ஆனா பகல்ல தூங்குறவங்க இருக்காங்கன்னு இத்தன வருசத்துல எனக்குத் தோணவே இல்ல. விதி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இனிமே லாரித் தெருவுக்கு என் மைக் வராது. அத முதல்ல எழுதிக்குங்க. மொத்தமா வாயக் கட்டிடாதீங்க, அத ரெண்டாவதா எழுதிக்குங்க."

உட்கார்ந்திருந்த அய்யம்பெருமாள் எகிறினார். "மொத்தமா வேணாம்னு எவன் சொன்னான்? காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் வெச்சுக்கட்டுமே! சாவு சேதிய எப்ப வேணா சொல்லட்டும்!" டீச்சர் பரீட்சை மாதத்தைச் சேர்க்கச் சொன்னார். குழந்தைக்காரி சவுண்டைக் குறைக்கச் சொன்னாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ராசாங்கம் சார் "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்று கெஞ்சிக்கொண்டே எழுதினார். பாவம், அதுவரை பியூனோடு மட்டும் கூட்டம் நடத்தி வந்தவர். டீ ஆறிப்போனது.

கவுன்சிலில் விதி நிறைவேறியபோது அது வேறு விதியாக இருந்தது. முழுத் தடை போய்விட்டது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம், குறைந்த சவுண்டு, சாவுக்கும் ஆபத்துக்கும் நேரக்கணக்கு இல்லை, லாரித் தெருவில் எப்போதும் கூடாது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் தெரியும்படி ஒட்டியிருந்தார்கள். பூட்டையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் எங்களுக்கு அடி அடிதான். வேலை பாதியாகிவிட்டது. மீதி நேரத்தில் அண்ணன் அதே ஆட்டோவில் காய்கறி மூட்டை ஏற்றினான். நான் மனம் பொறுக்காமல் ஒருநாள் அண்ணியிடம் கத்தித் தீர்த்தேன்.

"உங்க வாயாலயே ஊரக் கூப்புட்டு உங்க வயித்துலயே அடிச்சுக்கிட்டீங்களே! சும்மா இருந்திருக்கலாம் இல்ல?"

"சும்மா இருந்தா மொத்தமா போயிருக்கும்டி" என்றாள். நான் தைத்து வைத்த ஜாக்கெட்டை மடித்துக்கொண்டே, "உங்கப்பாவ வாசல்லயே நிக்க வெச்சு முடிவ மட்டும் சொல்லி அனுப்புவாங்கன்னு சொல்லுவியே. நான் முடிவு எடுக்குற எடத்துல உக்காந்திருந்தேன் புவனா. தோத்தேனோ கெலிச்சேனோ, எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மிஷினை வேகமாக மிதித்தேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து பேரூராட்சியில் இன்னொரு வரைவு. கனரக லாரிகளை ஊருக்குள் தெருவில் நிறுத்தக் கூடாது என்று ஒரு விதி. ராசாங்கம் சார் இந்த முறை சீட்டே எழுதவில்லை. "நீயே சொல்லிடும்மா" என்று வாய்மொழியாக விட்டுவிட்டார். டீயையும் அவரே சேர்த்துக்கொண்டார். அண்ணியும் விதிப்படி காலையும் மாலையும் ஊரெல்லாம் சொன்னாள்.

மறுநாள் காத்தாயி என் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தாள். அண்ணியும் அங்கேதான் இருந்தாள்.

"ஏங்க்கா, லாரிய நிறுத்தக் கூடாதுன்னு விதி போடறாங்களாமே? ஊருக்கெல்லாம் சொன்னீங்களாமே? லாரி நிக்கறது எங்க தெருவுல. எங்களுக்குத்தான் யாருமே சொல்லல!"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "மைக் வேணாம்னு நீதானடி அழுத? இப்ப வந்து கேக்கற?" என்றேன்.

"சத்தம் வேணாம்னுதான் சொன்னேன். சேதியே வேணாம்னா சொன்னேன்?"

அண்ணியின் முகம் செத்துவிட்டது. மொத்த ஊரிலும் இந்த விதி யாரைத் தொடுமோ அவர்களை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி வந்திருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கடையைப் பூட்டிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

பட்டப்பகல். லாரித் தெருவில் வரிசையாக லாரிகள் நின்றன. வீடுகளில் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். காத்தாயி முன்னால் போய் விரல்நுனியால் கதவைத் தட்டுவாள். பெண்கள் சத்தமில்லாமல் வெளியே வருவார்கள். ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கிற என் அண்ணி, அவர்கள் காதோரம் குனிந்து குசுகுசுவென்று விதியைச் சொன்னாள். வேணும்ங்கிறவங்களும் வரலாம், வேணாம்ங்கிறவங்களும் வரலாம் என்பதையும் விடாமல் சொன்னாள். தெரு முழுக்க இப்படியே போனோம். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியாகக் காத்தாயியின் வீடு. கதவு பாதி திறந்திருந்தது. நடராசன் தரையில் பாய்போட்டுப் படுத்திருந்தார். எவ்வளவு மெதுவாகப் பேசியும் அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலேயே, "யாரு புள்ள?" என்றார்.

அண்ணி பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். காத்தாயி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு உள்ளே குனிந்து சொன்னாள்.

"ஒண்ணுமில்ல, தூங்குங்க. சனிக்கெழம சாயங்காலம் மட்டும் தூங்கிடாதீங்க. சமுதாயக்கூடத்துல நீங்க பேசணும்."